முதுகு காட்டி நின்றவர்கள்

இது நடந்த கதை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. விலை குறைத்து மட்டும் கேட்காதீர்கள். நானே கேட்டுப் பார்த்துவிட்டேன்.

எங்கள் வீடு மொத்தத் துணிக்கடை வீடு. யார் எதைச் சொன்னாலும் பாதி விலையில் தொடங்கித்தான் பேசுவோம். அக்கா வந்து இதைச் சொன்னபோதும், "அத்தனை பேரா நின்னாங்க? ரெண்டு மூணு பேர்னு வச்சுக்குவோமே" என்றேன். அவள் ஒரு காசு இறங்கவில்லை. சரி, அடுத்த கடையில் விசாரிப்போம் என்று அத்தானைத் தனியாகப் பிடித்தேன். பிறகு அத்தானின் தம்பியைத் தனியாகப் பிடித்தேன். மூன்று கடையிலும் ஒரே சரக்கு, ஒரே விலை. அதற்குப் பிறகுதான் நான் பேரத்தை விட்டேன்.

இனி அக்கா பார்த்தது பார்த்தபடி. என் கைச்சரக்கு எதுவும் சேர்க்கவில்லை.

அக்காவும் அத்தானும் செய்துவந்த தொழிலை எங்கள் அப்பாவுக்குப் புரியவைக்கவே வெகுகாலம் ஆயிற்று. பணக்காரர்கள் பாய்மரப் படகு வாங்குவார்கள். வாங்கும் துறைமுகம் ஒன்று, ஓட்டி விளையாட நினைக்கும் துறைமுகம் இன்னொன்று. நடுவில் கிடக்கிற கடலைத் தாண்ட அவர்களுக்கு நேரமும் இருக்காது, தைரியமும் இருக்காது. அந்தப் படகை ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்ப்பது இவர்கள் வேலை. "லாரி டிரைவர்னு சொல்லேன், புரியுது" என்றார் அப்பா. அத்தான் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

அந்தப் பயணத்தில் மூன்று பேர். படகுக்குத் தலைவர் அத்தான். சுக்கான் சக்கரம் அக்காவிடம். எஞ்சினுக்கு அத்தானின் தம்பி. எந்நேரமும் கையில் ஒரு ஸ்பேனரோடு திரிவதால் அவனுக்குப் பெயரே ஸ்பேனர். தூங்கும்போதுகூடத் தலையணைக்கு அடியில் ஒன்று இருக்கும் என்பாள் அக்கா. எதற்கும் முகம் கோணாத பிள்ளை. அதுவே வினையாயிற்று. வயிற்றுவலி வந்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை. வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, எஞ்சினுக்கு எண்ணெய் பார்த்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு இருந்திருக்கிறான்.

ஒருநாள் காலையில் அவனால் நிமிர முடியவில்லை. அக்கா அவன் வயிற்றில் கை வைத்தாள். பலகை மாதிரி இருந்தது.

"எப்பருந்து வலிக்குது?"

"இப்பதான் அண்ணி. கொஞ்ச நேரமா."

"கடைக்காரன் பொண்ணுகிட்ட பொய் சொல்றதுன்னா கண்ணைப் பாத்துச் சொல்லிப் பழகணும் தம்பி."

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிக்கவும் வலித்தது.

அத்தான் ரேடியோவில் ஒரு டாக்டரைப் பிடித்தார். டாக்டர் அங்கே அமுக்கு, இங்கே அமுக்கு என்று அக்காவின் கையாலேயே பரிசோதனை நடத்தி முடித்துவிட்டு, குடல்வால் என்றார். பெரிய தீவில் ஆஸ்பத்திரி இருக்கிறது, அறுக்க ஆளும் இருக்கிறது. "இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள கொண்டுவாங்க. நாளைக்குன்னா என்னை நம்பாதீங்க" என்றார். தூக்கிப்போக ஹெலிகாப்டர் கிடையாது. வேகப்படகு பழுது.

பெரிய தீவு தூரமில்லை. ஆனால் இடையில் ஒரு பவளப்பாறைக் கூட்டம் கிடந்தது. பெரிய வளையமாகப் பாறை, நுழைய ஒரு வாசல். உள்ளே சின்னச் சின்னத் தீவுகள். தீவுகளுக்கு நடுவே எங்கே பாறை, எங்கே வழி என்று கடவுளுக்குத்தான் தெரியும். வெளியே சுற்றிக்கொண்டு போனால் மறுநாள் சாயங்காலம் ஆகும். குறுக்கே புகுந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அத்தான் கடல் வரைபடத்தை விரித்தார். அந்த இடத்தில் படமே இல்லை. வெள்ளையாக ஒரு திட்டு. அதன்மேல் 'அளக்கப்படவில்லை' என்று ஒரு வார்த்தை. ஓரத்தில் வரைந்திருந்த ஒன்றிரண்டு தீவுகளையும் நம்ப முடியாது. அந்தப் பக்கம் போய்வந்த ஒருவர், படத்தில் பார்த்தால் தன் படகு ஒரு தீவின் நடுவே, தென்னந்தோப்புக்குள் நின்றதாகச் சொல்லியிருக்கிறார். படத்தை எழுதியவர் கையும் கடலும் அத்தனை தூரம் விலகியிருந்தன.

இப்படிப்பட்ட இடத்தில் கண்தான் வரைபடம். ஒருவர் பாய்மரத்தின் பாதி உயரத்துக்கு ஏறி, குறுக்குக் கட்டையில் நின்றுகொள்ள வேண்டும். அங்கிருந்து பார்த்தால் தண்ணீரின் நிறம் தெரியும். கருநீலம் என்றால் ஆழம். வெளிர்பச்சை என்றால் மணல். பழுப்பு என்றால் பாறை. படகின் அடிவயிற்றைக் கிழிக்கும் பாறை. நிறம் தெரிய ஒரே ஒரு நிபந்தனை உண்டு. சூரியன் உச்சியில் இருக்க வேண்டும், அல்லது முதுகுக்குப் பின்னால். முகத்துக்கு நேரே வந்துவிட்டால் கடல் வெறும் கண்ணாடி. அதனால் பாறைக் கடலில் ஓட்டுகிறவர்கள் உச்சிப்பொழுதுக்காகக் காத்திருப்பார்கள்.

மேலே நிற்பவருக்கும் கீழே சுக்கான் பிடிப்பவருக்கும் ஒரு விதி உண்டு. கை நீட்டினால் அந்தப் பக்கம் வழி என்று அர்த்தம். பாறையைக் காட்டக் கூடாது. வழியைத்தான் காட்ட வேண்டும். கல்யாணமான புதிதில் அத்தான் ஒருமுறை, "அதோ பாறை" என்று ஆர்வமாகக் கை நீட்டினார். அக்கா கை நீட்டிய பக்கமே கொண்டுபோய்ச் சேர்த்தாள். அன்றைக்குப் படகோடு சேர்ந்து கல்யாணமும் தரைதட்டப் பார்த்தது. அதிலிருந்து இந்த விதி அவள் கையிலேயே ஊறிவிட்டது. நீட்டிய கை எந்தப் பக்கமோ, சக்கரம் அந்தப் பக்கம். கேள்வி கிடையாது.

அவர்கள் வளையத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது உச்சிப்பொழுதுதான். ஆனால் கூடவே மழையும் வந்தது. கப்பலை மூடுகிற மழை. முன்னால் இருக்கும் கயிறுகூடத் தெரியவில்லை. வாசலுக்கு வெளியே வட்டமடித்துக் காத்திருந்தார்கள். கீழே ஸ்பேனர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். படுக்கை ஆடினால் வலிக்கிறது என்பதற்காக அவனைத் தூக்கி அறையின் நடுவே தரைப்பலகைமேல் மெத்தை போட்டுக் கிடத்தியிருந்தாள் அக்கா.

மழை விட்டது. மேகம் விலகியது. சூரியன் நேரே அவர்கள் முகத்துக்கு எதிரில் இறங்கியிருந்தது.

அத்தான் மேலே ஏறினார். இருவர் காதிலும் பேசுகிற கருவி. கத்திக் கத்திச் சண்டை வருவதைவிட இது மலிவு என்று அக்கா பேரம் பேசி வாங்கியது.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"ஒண்ணும் தெரியலம்மா. தகரக் கூரையைப் பாக்கற மாதிரி இருக்கு."

"திரும்பிடலாமா?"

அத்தான் கேட்டார், "அவன் எப்படி இருக்கான்?"

அக்கா குனிந்து கீழே பார்த்தாள். ஸ்பேனரின் உதடு வெளுத்திருந்தது. கையில் ஸ்பேனர் இல்லை. அவள் அதைத்தான் முதலில் கவனித்தாள்.

"உள்ள போலாங்க" என்றாள்.

மணி அப்போது இரண்டரை.

பாயை இறக்கிவிட்டு எஞ்சினில் மெதுவாகப் போனார்கள். படகு வாசலைத் தாண்டியது. இருபுறமும் அலை உடையும் சத்தம் பின்னால் போயிற்று. உள்ளே தண்ணீர் அசையாமல் கிடந்தது. தட்டிப் பரப்பிய வெள்ளித்தகடு. அதற்குள் எங்கே கத்தி இருக்கிறது என்று தெரியாது.

"நிறுத்து, நிறுத்து" என்றார் அத்தான். "ஆள் நிக்கறான்."

"எங்க?"

"முன்னால. தண்ணிக்குள்ள. தொடையளவு."

அக்கா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கண்கூச்சத்துக்கு நடுவே கறுப்பாக ஒரு உருவம். சிப்பி பொறுக்குகிறவனாக இருக்கும். பாறைமேல் நின்று பொறுக்குவார்கள். பக்கத்தில் அவன் தோணியைத் தேடினாள். கண்ணில் படவில்லை. பாறைக்கு மறுபக்கம் கட்டியிருப்பான்.

அவன் கையைத் தூக்கினான். முழுக்கையையும் நீட்டினான்.

"வலப்பக்கம் காட்டறான்" என்றார் அத்தான்.

"வழியையா, பாறையையா?"

"நம்மள மாதிரியே நீட்டறான் பாரு. படகைப் பாத்தவன் போல இருக்கு. வழிதான்."

அக்கா வலப்பக்கம் திருப்பினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடிக்கவில்லை. தட்டவில்லை. படகு வெண்ணெயில் போவதுபோலப் போயிற்று.

"கூலி பேசாம வழி காட்டற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றாள்.

அத்தான் லேசாகச் சிரித்தது காதில் கேட்டது. இரண்டு பேருக்கும் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது.

அவனைக் கடந்து போனார்கள். கூப்பிடு தூரம்கூட இல்லை. அவன் இவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றான். அக்கா கையை ஆட்டி, "ரொம்ப நன்றிங்க" என்று கத்தினாள். அவன் திரும்பவில்லை. நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. அவனிடம் கூடை இல்லை. மறுபக்கத்திலும் தோணி இல்லை. இப்போதுதான் அப்படியொரு மழை கொட்டி ஓய்ந்திருக்கிறது. அவன் சட்டை உலர்ந்திருந்தது. காற்றே இல்லாத இடத்தில் அதன் ஓரம் மெல்ல ஆடியது.

ஆழம் காட்டும் கருவியைப் பார்த்தாள். முப்பத்தெட்டு மீட்டர்.

தொடையளவு தண்ணீரில் ஒருத்தன் நிற்கிறான். அவனுக்குப் பக்கத்தில் முப்பத்தெட்டு மீட்டரா? பவளப்பாறை சுவர் மாதிரி எழும்பும், அப்படியும் இருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விற்கிறவன் சொல்லும் சமாதானத்தை வாங்குகிறவள் நம்புவதுபோல நம்பினாள்.

"இன்னொரு ஆள்" என்றார் அத்தான்.

அவனும் தொடையளவு தண்ணீரில். அவனும் முதுகு காட்டி. கை இடப்பக்கம் நீண்டிருந்தது.

அக்கா இடப்பக்கம் திருப்பினாள். இடிக்கவில்லை.

அவனுக்கு அப்பால் இன்னொருவன். அவனுக்கு அப்பால் இன்னும் ஒருவன். தெருவிளக்குபோல வரிசையாக, விட்டு விட்டு நின்றார்கள். ஒவ்வொருவனும் ஒரு பக்கம் கை காட்டினான். அக்காவின் கை தானாகச் சக்கரத்தைத் திருப்பியது. அவள் கருவியைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். அத்தான் பேசுவதையும் விட்டுவிட்டார்.

ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

முதலில் நின்றவன் இல்லை. அவனுக்கு அடுத்தவனும் இல்லை. நடந்துபோகக் கரை இல்லை. ஏறிப்போகத் தோணி இல்லை. தண்ணீரில் ஒரு வட்டம்கூட இல்லை...

"ஏங்க."

"ம்."

"ஒருத்தராவது திரும்பிப் பாத்தாங்களா?"

"இல்ல."

"மேலேருந்து மூஞ்சி தெரியுதா?"



"கொஞ்சம் எட்டிப் பாத்தா தெரியும்" என்றார். "எட்டிப் பாக்க வேணாம்னு தோணுது."

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. கடல் ஏறுகிற நேரம். பொழுது போகப் போகத் தண்ணீர் கூட வேண்டும். ஆனால் நின்றவர்கள் எல்லோருக்கும் தண்ணீர் அதே தொடையளவுதான். துணிக்கடையில் அளந்து கிழித்ததுபோல ஒரே அளவு.

அப்போதுதான் சத்தம் நின்றது.

எஞ்சின் சத்தம் இல்லை, அது ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரின் சத்தம் நின்றது. படகின் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டே வருமே, அந்தச் சலசலப்பு. கடலில் இருக்கும்வரை அது காதிலேயே விழாது. நின்றால்தான் தெரியும்.

ஆழம் காட்டும் கருவி கூவத் தொடங்கியது. அக்கா பார்த்தாள்.

மூன்று மீட்டர். இரண்டு. ஒன்று...

அவர்கள் படகு மிதக்க இரண்டு மீட்டர் தண்ணீர் வேண்டும்.

அரை மீட்டர்.

இடிக்கப் போகிறது என்று சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். இடிக்கவில்லை. கியரை விடுவித்தாள். படகு வேகம் குறையவில்லை. எஞ்சினையே அணைத்தாள்.

படகு போய்க்கொண்டிருந்தது.

ஆடிக்கொண்டு போயிற்று. அலையில் ஆடும் ஆட்டம் அல்ல. எங்கள் கடையில் புது பீரோ வந்தபோது ஆட்கள் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்கள். ஒரு கால் வைத்தால் இந்தப் பக்கம் சாயும். மறுகால் வைத்தால் அந்தப் பக்கம் சாயும். அந்த ஆட்டம்.

இந்தப் பக்கம்... அந்தப் பக்கம்... இந்தப் பக்கம்...

அக்கா ஓரத்தில் குனிந்து பார்த்தாள்.

கீழே பாறை. கணுக்கால் அளவு தண்ணீர். பவளத்தின் ஒவ்வொரு கிளையும் தெரிந்தது. அதற்குள் புகுந்து ஓடுகிற சின்ன மீன் தெரிந்தது.

படகின் நிழல் படகை ஒட்டி விழவில்லை. தள்ளி விழுந்திருந்தது. தரையைவிட்டுத் தூக்கிய பொருளின் நிழல் விழுமே, அப்படி.

அந்த நிழலுக்குக் கால்கள் இருந்தன.

நிறைய.

நடந்துகொண்டிருந்தன.

அக்கா நிமிர்ந்துவிட்டாள். மறுபடி குனியவில்லை. சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

கீழே அறையில் ஸ்பேனர் பேசிக்கொண்டிருந்தான்.

முனகல் இல்லை. பேச்சு. மரியாதையாக, வேலை கொடுப்பவரிடம் பேசுவதுபோல.

"சரிங்க" என்றான். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். "சரிங்க..."

ரேடியோவில் டாக்டரோ என்று எட்டிப் பார்த்தாள். ரேடியோ அணைந்திருந்தது. அவன் குப்புறக் கிடந்தான். கண் மூடியிருந்தது. மெத்தைக்கு வெளியே தலையைச் சாய்த்து, காதைத் தரைப்பலகையில் வைத்திருந்தான்.

"ஏங்க" என்றாள்.

மேலே அத்தான் பாய்மரத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தார்.

"ஏங்க..."

"கீழ பாக்காத" என்றார். அவர் குரல்போல இல்லை. "முன்னால பாரு. முன்னால மட்டும் பாரு."

முன்னால் கடைசியாக ஒருவன். படகின் மூக்குக்கு நேரே. ஒதுங்கவில்லை. முதுகு.

அவன் கையை இறக்கினான்.

படகு நின்றது.

மெதுவாக, மிக மெதுவாக, பின்புறம் முதலில், பிறகு முன்புறம்... படகு இறங்கியது. உடையும் சாமானை இறக்கி வைப்பதுபோல. இரண்டு பக்கமும் தண்ணீர் சளக் என்றது.

சலசலப்பு திரும்பி வந்தது.

முன்னால் யாருமில்லை. கருவியில் இருபது மீட்டர். எதிரே கருநீலத் தண்ணீர், அதற்கு அப்பால் பெரிய தீவு, ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சுவர்.

அத்தான் இறங்கி வந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் எஞ்சினைப் போட்டார். அவள் சக்கரத்தைப் பிடித்தாள். கரைவரை ஒரு வார்த்தை இல்லை. வீட்டில் ஓயாமல் பேசுகிற ஜோடி அது.

ஸ்பேனரை அன்றைக்கே அறுத்தார்கள். டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, குடல்வால் வெடித்து வெகுநேரம் ஆகிவிட்டது என்றார். "இந்த நிலைமையில இவ்வளவு நேரம் தாங்கறவங்க ரொம்பக் குறைவு. எப்படித் தாங்கினார்னு எனக்குத் தெரியல. பிழைச்சுக்குவார்."

அக்கா சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் படகுத்துறையில் ஆஸ்பத்திரிப் படகுக்காரர் ஒருவர், அவர்கள் கயிறு கட்டியிருந்த விதம் பிடிக்காமல் அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். வாயாடி மனுஷர்.

"எந்தப் பக்கமா வந்தீங்க? வெளியே சுத்தியா?"

"குறுக்க வந்தோம்ணே" என்றாள் அக்கா. "உங்க ஊர் ஆளுங்க நின்னு வழி காட்டினாங்க."

அவர் கை முடிச்சில் நின்றது.

"எங்க நின்னாங்க?"

அக்கா கைகாட்டிச் சொன்னாள். வாசல் தாண்டியதும் முதல் ஆள், பிறகு அந்த மொட்டைத் தீவுக்கு இப்புறம், பிறகு நேரே.

"அங்கெல்லாம் நிக்கறதுக்கு ஏது இடம்?" என்றார். "நாங்க நங்கூரம் போட்டா கயிறு பத்தாத ஆழம் அது. நீங்க எந்தப் பக்கம் திரும்பினீங்க?"

"அவங்க கை காட்டின பக்கம்."

படகுக்காரர் அவளையும் படகையும் மாறி மாறிப் பார்த்தார். பொய் சொல்கிற முகமா என்று எடைபோட்டார்.

"அந்தப் பக்கம் பூராவும் பாறை தாயி. தண்ணி வத்தினா நாங்க நடந்துபோற இடம். ஏறினாலும் முழங்கால் வராது." கயிற்றைக் கீழே போட்டார். "எங்க ஊர்ல தண்ணிக்குள்ள நின்னு கை காட்டினா, அந்தப் பக்கம் பாறை இருக்கு, வராதேன்னு அர்த்தம். சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

நீட்டிய ஒவ்வொரு கையும் பாறையைக் காட்டியிருக்கிறது. ஒன்றுவிடாமல் ஒவ்வொரு பாறைக்கும் அவள் படகைக் கொண்டுபோயிருக்கிறாள்.

"அப்ப நாங்க எப்படிண்ணே வந்தோம்?"

அவர் வேறொன்று கேட்டார்.

"கிளம்பும்போது எத்தனை பேரு? வந்து இறங்கினப்ப எத்தனை பேரு?"

"மூணு பேர். மூணு பேரும் இருக்கோம்."

"நல்லா எண்ணிப் பாத்துட்டீங்கல்ல?" என்றார். எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். பாதி கட்டிய முடிச்சு அப்படியே கிடந்தது.

படகைச் சொந்தக்காரரிடம் ஒப்படைப்பதற்கு முன்னால் தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. பாறைக் கடல் வழியாக வந்தது என்று தெரிந்ததும் அவர் அடிப்பகுதியைக் காட்டச் சொன்னார், நியாயம்தான். அதற்குள் ஸ்பேனர் மெல்ல நடக்கத் தொடங்கியிருந்தான். வேண்டாம் என்றாலும் கேட்காமல் பட்டறைக்கு வந்துவிட்டான்.

கிரேன் படகைப் பட்டைவார்களில் தூக்கி நிறுத்தியது. மூவரும் அடியில் போய்ப் பார்த்தார்கள்.

ஒரு கீறல் இல்லை.

பாசி பிடிக்காமல் இருக்கப் படகின் அடியில் நீலப் பெயிண்ட் அடிப்பார்கள். காய்ந்த பிறகும் அது மெத்தென்றுதான் இருக்கும். அழுத்தித் தேய்த்தால் கையோடு வந்துவிடும். புறப்படும் முன்னால் அக்கா டார்ச் அடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்துவிட்டுத்தான் பெயிண்டருக்குக் காசு கொடுத்தாள். அப்போது அது புதுச்சேலைபோல மாசில்லாமல் இருந்தது.

இப்போது அதில் கைகள் இருந்தன.

"பெயிண்ட் காயறதுக்குள்ள எவன் கை வச்சான்?" என்று பட்டறைக்காரர் எரிச்சல்பட்டார்.

உள்ளங்கை, ஐந்து விரல். உள்ளங்கை, ஐந்து விரல். அழுத்தமாகப் பதிந்து, நீலம் போய், உள்ளே இருந்த சாம்பல் நிறம் தெரிந்தது. முன்புறமிருந்து பின்புறம்வரை, இரண்டு பக்கமும், ஜோடி ஜோடியாக. பாரம் தூக்குகிறவர்கள் ஆளுக்கு ஆள் இடம் விட்டு நிற்பார்களே, அந்த இடைவெளி மாறாமல்.

இடப்பக்கம் வரிசை முழுசாக இருந்தது.

வலப்பக்கம் நடுவில் ஒரு ஜோடி இல்லை. அந்த இடத்தில் மட்டும் நீலம் கலையாமல் இருந்தது.

அத்தான் வெளியே போய் ஒரு சிகரெட் பற்றவைத்தார். அவர் அதை விட்டு வருஷக்கணக்காகிவிட்டது.

ஸ்பேனர் அந்தக் காலி இடத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். கைகளைப் பின்னால் கட்டியிருந்தான். தொட்டுவிடக் கூடாது என்பதுபோல.

"அண்ணி."

"வா, போலாம்."

"அன்னிக்குக் கீழேருந்து என்கிட்ட பேசினாங்க."

"காய்ச்சல்ல ஆயிரம் கேக்கும்."

"ஒரு ஆள் குறையுதுன்னாங்க. பாரம் ஒரு பக்கமா இழுக்குதாம். இறங்கி வந்து கொஞ்சம் கை குடுக்க முடியுமான்னு கேட்டாங்க. ரொம்ப மரியாதையாத்தான் கேட்டாங்க."

அக்கா அவன் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"நீ என்ன சொன்ன?"

"வலி தாங்கல அண்ணி. எப்படியாவது கரை சேர்ந்தா போதும்னு இருந்துச்சு." அவன் குரல் இறங்கியது. "இப்ப முடியாதுங்க, உடம்பு தேறினதும் வர்றேன்னு சொன்னேன்."

வியாபாரி வீட்டுப் பெண். வேறு என்ன கேட்பாள்?

"எப்பன்னு கேட்டாங்களா?"

"இல்ல. சரின்னுட்டாங்க."

எங்கள் கடையில் இப்படியொரு பேச்சை முடித்துவிட்டு வந்தால் அப்பா சோறு போட மாட்டார். நாள் குறிக்காத வாக்கைவிடக் கெட்ட வியாபாரம் கிடையாது. எதிராளி எப்போது வேண்டுமானாலும் வந்து நிற்கலாம்.

அக்காவும் அத்தானும் அதற்குப் பிறகு படகு எடுக்கவில்லை. ஸ்பேனர் கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி ஒரு ஊரில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறான். கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். போன மாதம் பார்த்தேன். இரண்டு பேர் தூக்கவேண்டிய எஞ்சினைத் தனியாளாகப் புரட்டிக்கொண்டிருந்தான். கன்னமெல்லாம் சதை போட்டுவிட்டது. இதைவிட ஆரோக்கியமான மனிதனை நீங்கள் பார்க்க முடியாது.

"உடம்பெல்லாம் எப்படி இருக்கு?" என்று நான் சாதாரணமாகத்தான் கேட்டேன்.

அவன் கை நின்றது. முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, காலடியில் இருந்த சிமெண்ட் தரையைப் பார்த்தான்.

பிறகு சற்று உரக்க, நன்றாகக் கேட்கும்படி, மரியாதையாகச் சொன்னான்:

"இன்னும் தேறலைங்க."